ஏழாம் வார்டுத் தண்ணீரும் எங்கள் பிரசிடெண்டம்மாவும்

புதிதாக டேங்க் ஆபரேட்டர் வேலைக்கு வந்த உங்களைப் போன்றவர்களுக்கு வேலை சொல்லித்தர வரும்போதெல்லாம் மோட்டாரைப் பற்றிக் கேட்பீர்கள் என்று நினைத்துத் தயாராகத்தான் வருவேன். எந்த மாசத்தில் வால்வு சிக்கும், குளோரின் வாடை தூக்கலாக இருந்தால் என்ன செய்வது, எல்லாம் மனசுக்குள் வரிசையாக வைத்திருப்பேன். யாரும் அதைக் கேட்பதில்லை. டீக்கு எழுந்திருக்கும்போது தனியாக வந்து, குரலைத் தாழ்த்தி, "அண்ணா, எங்க பிரசிடெண்டு எப்படீங்க, தாங்குவாங்களா?" என்றுதான் கேட்கிறீர்கள்.

கேட்பதில் தப்பில்லை. டேங்க் ஆபரேட்டர் என்பவன் ஊராட்சித் தீர்மானத்தில் ஒரு வரி. அடுத்த தீர்மானத்தில் அந்த வரி இல்லாமல் போகலாம். பிரசிடெண்ட் நாற்காலி ஆடினால் முதலில் நடுங்குவது நம் கால்தான். அதிலும் நான் பிறவியிலேயே பயந்தவன். மழை வந்தால் மோட்டார் ஷெட் நனையுமோ என்று பயம், வராவிட்டால் தொட்டி காயுமோ என்று பயம். ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு பனியன் கம்பெனியில் மடிக்கப் போனேன், அங்கிருந்து இந்த வேலைக்கு வந்தேன். இதுவும் போனால் வேறு எதுவும் தெரியாது. அதனால் ஒவ்வொரு பிரசிடெண்ட் வந்ததும் இவர் எத்தனை நாள் இருப்பார் என்று கணக்குப் போடுவதே எனக்கு இரண்டாவது வேலையாக இருந்தது.

அந்தக் கணக்கில் ஒருவரை மட்டும் சுத்தமாகத் தப்பாகப் போட்டேன். அதைத்தான் சொல்லப் போகிறேன். இதில் என் யோக்கியதையும் வெளியே வரும். வரட்டும். இருபத்தாறு வருஷ வேலையில் நான் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிக்கொள்கிற காலமும் அதுதான்.

முதலில் அவருக்கு முன்னால் இருந்தவரைச் சொல்ல வேண்டும். அவர் குரலே மைக் மாதிரி. தண்ணீர் வரவில்லை என்று நாலு பேர் வந்தால் போதும், தொட்டிக்கடியில் நின்று சட்டைப்பையிலிருந்து செல்போனை எடுத்து, ஊரே கேட்க அதிகாரிகளை விளாசுவார். "இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள வந்தாகோணும், இல்லீனா நான் நேரா கலெக்டர்கிட்டப் போயிருவேன்." வந்தவர்கள் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். தலைவர் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று நானும் நம்பினேன். தொட்டிக்கடியில் டவரே கிடைக்காது என்பது, சில வருஷம் கழித்து நானே ஒரு செல்போன் வாங்கிய பிறகுதான் தெரிந்தது.

அடுத்த தேர்தலில் எங்கள் ஊராட்சி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த வருஷங்கள் அவை. பல்லடம் ரோட்டில் அருள்புரத்துக்கு அந்தப் பக்கம் எங்கு பார்த்தாலும் பனியன் கம்பெனிக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. தெற்கத்திச் சனங்கள் குடும்பம் குடும்பமாக வந்து, வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் குடியேறினார்கள். ஆள் பெருகியது, தண்ணீர் பெருகவில்லை. போர்வெல் தண்ணீரை வாயில் வைக்க முடியாது. ஆற்றுத் தண்ணீர் எட்டு நாளைக்கு ஒரு முறை, வீதிக்கு ஒரு மணி நேரம்.

பிரசிடெண்டாக வந்தவர் ஒரு கம்பெனியில் செக்கிங் பார்த்துக்கொண்டிருந்த அம்மா. தைத்து வந்த பனியனை வெளிச்சத்தில் விரித்து, ஓட்டை, கறை இருக்கிற இடத்தில் ஸ்டிக்கர் ஒட்டித் தனியாக வைக்கிற வேலை. அவர் ஜெயித்ததற்குக் காரணமே எதிரே நின்ற இரண்டு பெரிய ஆட்கள் வீட்டுப் பெண்களும் ஓட்டைப் பிரித்துக்கொண்டதுதான் என்றார்கள். ஒன்பது வார்டு உறுப்பினர்களில் ஏழு பேர் எதிர்ப்பக்கம். துணைத் தலைவரும் அந்த ஏழில் ஒருவர். நாங்கள் அவரை வைஸ் என்போம். பனியன் துணி பின்னுகிற நிட்டிங் மெஷின் போட்டிருந்தவர், முதல் வார்டுக்காரர், நாலு பேரை நிறுத்திப் பேசத் தெரிந்தவர்.

முதல் கூட்டத்திலேயே வைஸ் ஆரம்பித்துவிட்டார்.

"ஏனுங்கம்மா, ஊட்டுக்காரர் வரலீங்களா?"

"அவரு தறிக்குப் போயிட்டாருங்க."

"அப்பறம் நாங்க யாருகிட்டப் பேசறதுங்க?"

"எங்கிட்டத்தானுங்க. உங்க ஊட்லயும் அம்மணிதானுங்களே எல்லாம் பாக்கறாங்க. அதே மாதிரி நெனச்சுக்குங்க."

ஒருவர் சிரித்துவிட்டார். வைஸ் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து கூட்டம் என்றாலே வெளிநடப்பு. வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடாமல் எழுந்து போய்விடுவார்கள். இந்த அம்மா ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பார். பிறகு அடுத்த கூட்டத்துக்குத் தேதி குறித்து, ஏழு பேர் வீட்டுக்கும் அறிவிப்பை அனுப்பச் சொல்லிவிட்டு, ஒரு வார்த்தை திட்டாமல் எழுந்து போவார். கத்த மாட்டேன் என்கிறார், மேசையைத் தட்ட மாட்டேன் என்கிறார், பதிலுக்கு நாலு ஆளைக் கூட்டிவரவும் தெரியவில்லை. ஆறு மாசம் தாங்காது என்று முடிவு கட்டினேன். அடுத்து அந்த நாற்காலி வைஸ் கைக்குத்தான் போகும் என்றும் முடிவு கட்டினேன்.

இங்கேதான் என் புத்தி வேலை செய்தது.

ஒரு நாள் காலை முதல் வார்டு வால்வைத் திறந்துகொண்டிருந்தேன். வைஸ் தன் வீட்டு கேட்டுக்கு வெளியே பல் விளக்கிக்கொண்டு நின்றார். "நம்ம வீதில தண்ணி கொஞ்சம் சன்னமா வருதுங்களே" என்றார். அவ்வளவுதான். திரும்பிப் போய்விட்டார். அந்த ஒரு வாக்கியத்தை எட்டு நாள் மென்றேன். மிரட்டுகிறாரா? நாளைக்கு இவர் கைக்கு வந்தால் என்னை வைத்திருப்பாரா? இரண்டு பெண் பிள்ளைகள் படிக்கிறார்கள். அடுத்த முறை வந்தபோது, முதல் வார்டு நேரம் முடிந்து வால்வை மூடுகையில், கடைசி இரண்டு சுற்றை விட்டுவிட்டேன்.

நம் வேலை தெரியாதவர்களுக்கு அது ஒன்றுமே இல்லை. மண்ணுக்கடியில் இருக்கிற வால்வு முழுசாக மூடியிருக்கிறதா, இரண்டு சுற்று பாக்கியா என்று அதைத் திருகுகிற சாவியைப் பிடித்தவனுக்கு மட்டும்தான் தெரியும். ஆனால் அதே பைப்தான் மேடேறி ஏழாம் வார்டுக்குப் போகிறது. பள்ளத்தில் கொஞ்சம் கசிந்துகொண்டே இருந்தால் மேட்டுக்கு ஏறுகிற வேகம் போய்விடும். முதல் வார்டில் ஒன்றரை மணி நேரம் சன்னமாக வந்துகொண்டிருந்தது. ஏழாம் வார்டு லைன் வீடுகளில் காற்றுதான் வந்தது.

அங்கே இருந்தவர்கள் எல்லாரும் எட்டரை மணி ஷிப்டுக்குப் போகிறவர்கள். குடத்தை வைத்துவிட்டு நின்றால் வேன் போய்விடும். வேனைப் பிடித்தால் எட்டு நாளைக்குக் குடிக்கத் தண்ணீர் இல்லை. மூன்று முறை பொறுத்தார்கள். நாலாவது முறை குடங்களைக் கொண்டுவந்து பல்லடம் ரோட்டில் அடுக்கிவிட்டார்கள். ஏழாம் வார்டு உறுப்பினர் முன்னால் நின்றார். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து ஓவர்லாக் மெஷினில் தைத்துக்கொண்டிருந்த அக்கா அவர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாட்டுப் பாடுகிற குரல், அன்றைக்கு பஸ் ஹாரனையே அமுக்கியது.

வைஸ் முன்னதாகவே வந்து, "பாத்தீங்களா, உங்கள எப்படி வெச்சிருக்காங்கன்னு. பிரசிடெண்டு எங்கீங்க?" என்று கூட்டத்தில் கேட்டுக்கொண்டிருந்தார். நான் ஒரு புளியமரத்துக்குப் பின்னால் நின்று வேர்த்துக்கொண்டிருந்தேன். இந்த அம்மா நடந்தே வந்தார். கையில் ஒரு பள்ளிக்கூட நோட்டு. நேராக முதல் குடத்துக்காரியிடம் போய், "எத்தன மணிக்கு வந்துச்சுங்க? எத்தன மணிக்கு நின்னுச்சு? எத்தன கொடம்?" என்று கேட்டு எழுத ஆரம்பித்தார்.

"என்னத்தம்மா எழுதுதீய?" என்றார் ஏழாம் வார்டு அக்கா. "நாங்க குடத்தோட நிக்கோம், நீங்க நோட்டோட நிக்கீய. எழுதுனா தண்ணி வந்துருமா?"

"வராதுங்க."

"பெறகு?"

"ஏன் வரலீன்னு எனக்குத் தெரியலீங்க. தெரியாம நாளைக்கு வந்துரும்னு சொல்லீட்டுப் போறதுக்கு எனக்கு வாய் வரலீங்க."

கூட்டத்தில் ஒரு சிரிப்பு கிளம்பியது. நல்ல சிரிப்பில்லை. "வாய் வரலியாம்லா, பெறகு எதுக்கு ஓட்டுக்கு வந்தீய" என்று பின்னாலிருந்து ஒரு குரல். வைஸ் திருப்தியாகத் தலையாட்டினார். இந்த அம்மா அத்தனை பேரிடமும் எழுதி முடித்துவிட்டுத்தான் போனார். பழைய பிரசிடெண்டாக இருந்தால் போனை எடுத்திருப்பார், சனம் கலைந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். என் மனசாட்சி அந்த நேரத்திலும் இதைத்தான் நினைத்தது என்பதைக் கவனியுங்கள்.

அந்த வாரமே ஏழு கையெழுத்தோடு மேலே மனு போயிற்று. பிரசிடெண்டை நீக்க வேண்டும், குடிநீரைப் பாரபட்சமாக விடுகிறார், தெற்கத்திக்காரர்களை வஞ்சிக்கிறார் என்று. ஏழாம் வார்டு அக்காவும் போட்டிருந்தார். விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தது. பதினைந்து நாளுக்குள் எழுத்தில் பதில் சொல்ல வேண்டும். பிறகு தாசில்தார் வந்து கூட்டம் போட்டு உறுப்பினர்களின் கருத்தைக் கேட்பார், மேலே முடிவு செய்வார்கள் என்றார் கிளார்க்.

பிரசிடெண்டம்மா என்னை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார். நோட்டை விரித்துவைத்திருந்தார். ஒன்பது வார்டின் நேரமும் அதில் இருந்தது.

"டேங்க்ல இருந்து எறங்கறது சரியா இருக்குதுங்க. ஏழாம் வார்டுக்குப் போய்ச் சேரலீங்க. நடுவுல எங்கியோ போகுது. உங்களுக்கு ஏதாச்சும் தெரியுதுங்களா?"

கேட்கிறபோது என் முகத்தைப் பார்க்கவில்லை, நோட்டைத்தான் பார்த்தார். அது எனக்கு வசதியாகப் போயிற்று.

"பைப்புல எங்கியோ லீக் இருக்குமுங்கம்மா. மேட்டுல கல்லுப் பூமி."

"அப்பத் தோண்டிப் பாத்தறலாமுங்க."

தம்பிகளே, தங்கைகளே, பொய்க்கு எத்தனை ஆழம் என்று எனக்குத் தெரியும். நாலரை அடி. இரண்டு ஆட்கள் கடப்பாரையும் மண்வெட்டியுமாக மேட்டில் இறங்கினார்கள். சித்திரை வெயில். இல்லாத ஓட்டையை ஒரு பகல் முழுக்கத் தேடினார்கள். பத்தடிக்கு ஒரு குழி. பைப் எலும்பு மாதிரி காய்ந்து கிடந்தது, ஈரம் என்று ஒரு சொட்டு இல்லை. பிரசிடெண்டம்மா குடையோடு வந்து நின்றார். வைஸின் ஆட்கள் பைக்கை நிறுத்திவிட்டு, "பொதையல் எடுக்கறீங்களாம்மா" என்று கேட்டுப் போனார்கள். "அடுத்த எடம் எங்க தோண்டலாமுங்க?" என்று அவர் என்னைக் கேட்டார். நான் கை காட்டினேன். அங்கேயும் தோண்டினார்கள்.

இரண்டாம் நாள் பதினொரு மணி இருக்கும். தோண்டிக்கொண்டிருந்தவர்களில் பெரியவருக்குக் கடப்பாரை பாறையில் பட்டு எகிறி, உள்ளங்கை கிழிந்துவிட்டது. துண்டைச் சுற்றிக்கொண்டு மறுபடியும் கடப்பாரையைத் தூக்கினார். "நீங்க எடத்தக் காட்டுங்க சாமி, தோண்டாம உடறதில்ல" என்றார் என்னிடம். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. குழி ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

"லீக் இல்லீங்கம்மா. நான்தானுங்க."

எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு சுற்று, முதல் வார்டு, வைஸ் பல் விளக்கிக்கொண்டு நின்றது. சொல்லச் சொல்ல எனக்கே ஒரு யோசனை வந்தது. பயந்தவனுக்கு அந்த நேரத்திலும் தப்பிக்கிற வழி தெரியும்.

"அம்மா, வைஸ் சொல்லித்தான் உட்டேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தறேனுங்க. மனுக் குடுத்தவரே தண்ணியத் திருப்பினாருன்னு போயிருச்சுன்னா, நோட்டீசு அவரு பக்கம் திரும்பீருமுங்க."

அவர் கொஞ்ச நேரம் குழியையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தக் கொஞ்ச நேரத்தை நான் இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன். நாற்காலி போய்க்கொண்டிருக்கிறது. ஒரு வருஷமாக ஒரு கூட்டம் நடத்த விடாத ஆளை ஒரே காகிதத்தில் உட்காரவைத்துவிடலாம். காகிதம் எழுதித்தர ஆள் காலடியில் உட்கார்ந்திருக்கிறான்.

"அவரு தண்ணி உடச் சொன்னாருங்களா?"

"சன்னமா வருதுன்னாருங்க."

"நெசமாலுமே சன்னமா வந்துச்சுங்களா?"

யோசித்தேன். அந்த மாசம் எல்லா வீதியிலும் அப்படித்தான் வந்தது. "ஆமாங்க."

"அப்பத் தண்ணி சன்னமா வருதுன்னு ஒரு மெம்பர் சொன்னாரு. அத நம்மகிட்டச் சொல்லாம யாருகிட்டச் சொல்லுவாரு? அவரு சொன்னாருன்னு எழுத முடியாதுங்க." பிறகு குழிக்குள் பார்த்து, "நீங்க மேல வாங்க, கைக்குக் கட்டுப் போடோணும்" என்றார் பெரியவரிடம். என்னைப் பார்த்து, "நீங்க குழிய மூடுங்க. நீங்களேதான் மூடோணும்" என்றார்.

தனியாகவே மூடினேன். சாயங்காலம் ஆயிற்று. முடித்து வந்ததும் ஷிப்ட் விட்டு ஆட்கள் வந்த நேரத்தில் என்னை ஏழாம் வார்டுக்குக் கூட்டிப் போனார். அவராகச் சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். லைன் வீட்டு வாசலில் எல்லாரும் கூடியதும் என் பக்கம் திரும்பி, "சொல்லுங்க" என்று விட்டு ஒதுங்கி நின்றார்.

எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. முடித்ததும் ஏழாம் வார்டுப் பெண்களின் கேள்விகள் மொத்தமாக வந்தன.

"ஏ, நாலு முறை நாங்க ஷிப்ட விட்டுட்டு நின்னோமே. ஒமக்கு நாங்க மனுசங்களாத் தெரியலியா?"

"பயந்துட்டேன் தாயி."

"பயந்தீரோ? யாருக்கு பயந்தீரு? எங்களுக்கு பயந்திருந்தா தண்ணியாவது வந்திருக்கும்."

யாரோ சிரித்தார்கள். ஏழாம் வார்டு அக்கா சிரிக்கவில்லை. பிரசிடெண்டம்மாவிடம் கேட்டார்: "இந்த ஆள வேலைய விட்டுத் தூக்கப் போறீயளா?"

கிளார்க்கும் அதைத்தான் சொல்லியிருந்தார். ஆளை நிறுத்திவிட்டு அதையே பதிலாக எழுதினால் நோட்டீஸ் செத்துவிடும் என்று.

"இவர நிறுத்தீட்டா அடுத்து வர்றவரும் பயந்துட்டேதானுங்க வருவாரு. அவரு எத்தன சுத்து உடுவாருன்னு நமக்குத் தெரியாது. இவருக்காச்சும் ரெண்டுன்னு தெரியும்" என்றார் பிரசிடெண்டம்மா. "கம்பெனில ஓட்டை பாத்தா நாங்க ஸ்டிக்கர ஒட்டுவோமுங்க. யாரு தெச்சதுன்னு சண்டைக்குப் போனா அன்னிக்குப் பீசு முடியாது. இப்ப இது எங்க ஓட்டைன்னு தெரிஞ்சுபோச்சு. இனி மறுபடி உழுகாம எப்படிப் பாக்கறதுன்னு நீங்களே சொல்லுங்க."

அங்கேதான் அந்த ஏற்பாடு பிறந்தது. அதை அவர் சொல்லவில்லை. பேச்சு வளர்ந்து ஏழாம் வார்டு அக்கா வாயிலிருந்து வந்தது. தண்ணீர் விடுகிற அன்றைக்கு முதல் வார்டிலிருந்து ஒரு பெண் ஏழாம் வார்டுக் குழாயடியில் வந்து நின்று, தண்ணீர் வந்த நேரத்தை நோட்டில் குறிக்க வேண்டும். ஏழாம் வார்டிலிருந்து ஒரு பெண் முதல் வார்டு வால்வருகில் நிற்க வேண்டும். வால்வை மூடும்போது நான் சுற்றைச் சத்தமாக எண்ண வேண்டும். முதல் வார்டுப் பெண்களிடமும் பிரசிடெண்டம்மாவே வீடு வீடாகப் போனார். வைஸ் வீட்டுக்கும் போனார். என்ன பேசினார் என்று தெரியாது. வைஸ் வீட்டு அம்மணி மோர் கொடுத்தார் என்பது மட்டும் தெரியும்.

எனக்கு ஒரு மெமோ வந்தது. 'வால்வை முழுமையாக மூடாததால் பொதுமக்களுக்கு இடையூறு ஏற்பட்டது. மீண்டும் நடந்தால் பணி நீக்கம்.' அடுத்த ஊராட்சி ஆபரேட்டர்களெல்லாம் கேலி செய்தார்கள். எனக்கென்னவோ, அதை வாங்கிக் கையெழுத்துப் போட்டபோது வருஷக்கணக்கில் இருந்த நடுக்கம் ஒன்று இறங்கியது. செய்ததற்குச் சரியான அளவில் தண்டனை வாங்கினவனுக்குத்தான் அது புரியும்.

விளக்கக் கடிதத்தை அவரே எழுதினார். கிளார்க் தலையில் கைவைத்துக்கொண்டார். 'ஏழாம் வார்டுக்குக் குடிநீர் சரியாகப் போகவில்லை என்பது உண்மை. பணியாளர் வால்வை முழுமையாக மூடாததே காரணம். கண்காணிக்கத் தவறியது என் பொறுப்பு. இப்போது சரிசெய்யப்பட்டுள்ளது.' அவ்வளவுதான்.

"உண்மைன்னு ஒத்துக்கறதுக்காம்மா விளக்கம் கேட்டாங்க?" என்றார் கிளார்க்.

"வேற என்னன்னுங்க எழுதறது?"

தாசில்தார் வந்த அன்று நான் வராந்தாவில் ஜன்னலோரம் நின்றேன். அந்தக் கூட்டத்தில் வாக்குவாதம் கிடையாது. குற்றச்சாட்டைப் படிப்பார், விளக்கத்தைப் படிப்பார், பிறகு ஒவ்வொருவராக நீக்கலாமா வேண்டாமா என்று சொல்ல வேண்டும். அவர் கடிதத்தைப் படித்தபோது வைஸ் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். நான் சொன்னதெல்லாம் ஊரில் காற்றுவாக்கில் அவர் காதுக்குப் போயிருக்கும். தன் பெயர் வரும், எழுந்து ஒரு பிடி பிடிக்கலாம் என்று தயாராக வந்திருந்தார். கடிதம் முடிந்துவிட்டது. பெயர் வரவில்லை. அவர் மெதுவாகப் பின்னால் சாய்ந்தார்.

முதலில் அவரையே கேட்டார்கள். "நீக்கலாமுங்க" என்றார். குரலில் பழைய வேகம் இல்லை, ஆனால் சொன்னார். மற்றவர்களும் சொல்லிக்கொண்டே வந்தார்கள். ஏழாம் வார்டு அக்கா முறை வந்தது.

"வேண்டாம்."

"மனுவில் கையெழுத்துப் போட்டிருக்கீங்களே?" என்றார் தாசில்தார்.

"தண்ணிக்குப் போட்டேன் சார். தண்ணி வந்துட்டு."

பக்கத்தில் இருந்த இன்னொருவரும் தொண்டையைக் கனைத்துக்கொண்டு வேண்டாம் என்றார். ஏழு கையெழுத்து ஐந்து வாயாகக் குறைந்தது. எதிரே நாலு. தாசில்தார் எழுதிக்கொண்டு போனார். இரண்டு மாசம் கழித்து, குறை சரிசெய்யப்பட்டுவிட்டதால் நடவடிக்கை கைவிடப்பட்டது என்று மேலேயிருந்து காகிதம் வந்தது. அந்த இரண்டு மாசமும் பிரசிடெண்டம்மா முகத்தில் ஒரு மாற்றமும் பார்க்கவில்லை. நான்தான் மூன்று கிலோ இளைத்தேன்.

எதிர்ப்பு நின்றுவிட்டது என்று நினைக்காதீர்கள். ஐந்து வருஷமும் வைஸ் எதிர்த்துக்கொண்டேதான் இருந்தார். ஏழாம் வார்டு அக்கா அடுத்த கூட்டத்திலேயே தெருவிளக்குக்காக பிரசிடெண்டம்மாவைப் பிடித்துக் கிழித்தார். "அன்னைக்கு உங்க பக்கம் சொன்னேன்னு இன்னைக்குப் பேசாம இருப்பேன்னு பாத்தீயளோ?" என்று கேட்க, "பேசுங்க. நீங்க பேசலீன்னா அந்த வீதி இருட்டுன்னு எனக்கு எப்படித் தெரியுமுங்க" என்றார் இவர். ஆனால் வெளிநடப்பு மட்டும் நின்றுபோனது. சண்டையை உட்கார்ந்து போட ஆரம்பித்தார்கள்.

நான் அவரிடம் கற்றதை இப்படிச் சொல்வேன். ஒரு பிரசிடெண்ட் எதிரிக்கு என்ன பதில் சொல்கிறார் என்று பார்த்து எடை போடாதீர்கள், நான் ஏமாந்தது அங்கேதான். எதிரியைக் கவிழ்க்க ஒரு பொய் கைக்குக் கிடைக்கும்போது அதை என்ன செய்கிறார் என்று பாருங்கள். அது அறைக்குள் நடக்கும். பேப்பரில் வராது. நம்மைப் போல வால்வு சாவி பிடித்தவனுக்குத்தான் சில சமயம் பார்க்கக் கிடைக்கும். எனக்குக் கிடைத்தது.

நடவடிக்கை கைவிடப்பட்டதாகக் காகிதம் வந்த சில வாரத்தில் ஒரு தண்ணீர் முறை. முதல் வார்டிலிருந்து ஏழாம் வார்டுக்குப் போய் நிற்க வேண்டியது அன்றைக்கு வைஸ் வீட்டு அம்மணியின் முறை. வர மாட்டார் என்று வீதியே சொன்னது. வீட்டுக்காரர் தோற்ற சூடு இன்னும் ஆறியிருக்காது என்றார்கள். நானும் வழக்கம்போலக் கணக்குப் போட்டேன். அவர் வராமல் போனால் ஏழாம் வார்டுக்காரர்கள் இங்கே ஆள் அனுப்புவதை நிறுத்துவார்கள், பிறகு ஏற்பாடே கலைந்துவிடும் என்று.

ஆறரை மணிக்கு அம்மணி செருப்பை மாட்டிக்கொண்டு, நோட்டை இடுக்கிக்கொண்டு மேட்டைப் பார்க்க நடந்தார். ஏழு மணிக்கு நான் முதல் வார்டு வால்வைச் சத்தமாக எண்ணி மூடினேன். ஏழாம் வார்டுப் பெண் பக்கத்தில் நின்று தலையாட்டினாள். சாவியை உருவும்போது கேட் திறந்தது. வைஸ் வந்து நின்றார். தாசில்தார் கூட்டத்துக்குப் பிறகு என்னிடம் அவர் பேசியதில்லை.

வால்வுக் குழியை எட்டிப் பார்த்தார். பிறகு மேட்டுப் பக்கம் பார்த்தார்.

"நல்லா இறுக்கி மூடீட்டீங்களா?"

"மூடீட்டேனுங்க."

"பாத்து மூடுங்க. என்ற ஊட்டுக்காரி அங்க கொழாய்கிட்ட நின்னுட்டு இருக்கறா."

பிரசிடெண்டம்மா அன்றைக்கு ஊரிலேயே இல்லை. மூலனூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்.